எழுதிக் கொடுத்துவிடாதே, கண்ணு

கண்ணு,

போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் "ம்மா, கிளாஸ் இருக்கு" என்று வைத்துவிடுகிறாய். நேரில் வந்தால் எனக்கு அழுகை முந்திக்கொள்கிறது. நீ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, ஃபேனைக் கூட்டி வைத்து, பேச்சை மாற்றிவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். பிள்ளைகள் கொண்டுவருகிற தாள் எவ்வளவு மோசமாக இருந்தாலும் கடைசிவரை பார்க்காமல் நீ கீழே வைக்கமாட்டாய் என்று உன் காலேஜில் சொல்கிறார்கள். அம்மாவின் தாளுக்கும் அந்தச் சலுகையைக் கொடு. சொல்ல வந்தது இதுதான். உன் மச்சான் வீட்டார் கேட்கிறபடி, உன் படக்கதைப் புத்தகம் முழுக்கக் கற்பனை, அதற்கும் உன் அக்காவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று நீ எழுதிக் கொடுக்கக் கூடாது. உன் கல்யாணத்துக்கு முன்னால் அவளை அந்த வீட்டிலிருந்து நாம் கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும். இது நடக்காவிட்டால் அவளை நான் இழந்துவிடுவேன் என்று பயமாக இருக்கிறது. பயம் என்று சும்மா எழுதவில்லை. சோறு இறங்கவில்லை, யார் கதவைத் தட்டினாலும் அவளைப் பற்றிய சேதியோ என்று ஓடுகிறேன்.

உன் பக்கம் என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். நம் பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர் இல்லாமல் தாலி கட்டுவதில்லை. கூடப் பிறந்தவள் பேழைக்கூடையைத் தலையில் தாங்கி மாப்பிள்ளை பக்கத்தில் நிற்க வேண்டும். நீ எழுதிக் கொடுத்தால், அந்தச் சீருக்கு மட்டும் அவளை அனுப்பி, முடிந்த கையோடு காரில் ஏற்றிக்கொண்டு போய்விடுவதாகப் பொள்ளாச்சியில் அவள் வாழ்கிற வீட்டிலிருந்து சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அப்பா, ரெண்டு வரிதானே, எழுதிக் குடுத்துப்போட்டு வேலையைப் பார்க்கட்டும் என்கிறார். உன் அத்தை அதற்கும் ஒரு படி மேலே போய், அவள் வராவிட்டால் என்ன, பெரியப்பா மகளை நிறுத்திக்கொள்ளலாம் என்கிறாள். கூடப் பிறந்தவள் உயிரோடு பொள்ளாச்சியில் இருக்கும்போது இன்னொருத்தி தலையில் கூடையை வைக்கிற வாயை என்னவென்று சொல்வது. இவர்கள் பேச்செல்லாம் எனக்குப் பழக்கம்தான். நீயும் அன்றைக்கு, "ரெண்டு வரிதானம்மா, அக்கா வந்துருவா" என்றாய் பார், அதைத்தான் தாங்க முடியவில்லை.

நீ பேசக் கற்பதற்கு முன்பே கோடு போடக் கற்றவன். சிங்காநல்லூரில் அப்பாவின் லேத் பட்டறையில், இரும்பில் அளவு குறிக்கிற சாக்பீஸை எடுத்துத் தரையெல்லாம் ஆளும் நாயுமாகப் போட்டு வைப்பாய். வேலைக்கு வருகிறவர்கள் மிதிக்கக் கூசித் தாண்டித் தாண்டிப் போவார்கள். அப்பாவும் திட்டிக்கொண்டே தாண்டித்தான் போவார். ஆனால் படம் வந்த கைக்கு எழுத்து வரவில்லை. கோழி கிளறினது போல இருக்கும். அதனால் உன் படக்கதையில் ஆட்கள் பேசுவதை எழுதுகிற வட்டங்களைக் காலியாக விட்டுவிடுவாய். அக்கா பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், சாப்பிடக்கூட உட்காராமல், அதில் எழுதித் தருவாள். குண்டு குண்டான எழுத்து. ழகரத்தின் வால் மட்டும் கீழே வெகுதூரம் இறங்கும். வெறுமனே எழுதித் தரவும் மாட்டாள். "இந்தாளு இத்தன பேச மாட்டானே தம்பி" என்று பாதியை வெட்டிவிடுவாள். டவுன் பஸ்ஸில் தூங்கிப்போய் டிப்போவில் கண் விழிக்கிற ஒரு பூதத்தின் கதையை நீங்கள் இரண்டு பேரும் ஜெராக்ஸ் எடுத்துத் தெருப் பிள்ளைகளுக்குக் கொடுத்தீர்களே, அதைப் படித்துவிட்டு மில்லில் என்னோடு நூல் சுற்றுகிற கோன் வைண்டிங்கில் இருந்தவர்கள் எல்லாம் உன்னைப் பூதம் என்றே கூப்பிட்டார்கள்.

பிளஸ் டூ முடிந்ததும் அப்பா டிப்ளமோ மெக்கானிக்கலுக்கு விண்ணப்பம் வாங்கி வந்தார். நீ மூன்று வேளையும் சாப்பிடாமல் கிடந்தாய். அப்போது அவளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்த நேரம். ஒரு நாள் காலையில் அப்பா காபி குடிக்கும்போது எதிரில் போய் நின்று, "எனக்குச் சீர் ஒண்ணும் வேண்டாங்கப்பா. தம்பியை அவன் கேட்ட படிப்புல சேத்து உடுங்க, அது போதுங்க" என்றாள். அப்பா டிப்ளமோ விண்ணப்பத்தை மடித்து வைத்துவிட்டார். நீ கேட்டபடி ஓவியமே படித்தாய். ஒரு பத்திரிகையின் சிறுவர் பக்கத்தில் வாரா வாரம் உன் படக்கதை வந்தது. அந்தப் பக்கத்தையே நிறுத்தினார்கள், உன் கதையும் நின்றது. கல்யாணப் பத்திரிகைக்கு மாப்பிள்ளை பெண்ணின் கேலிப்படம் போட்டாய். மாட்டுத் தீவன மூட்டைக்குச் சிரிக்கிற மாடு போட்டாய். அந்த மாடு இன்றைக்கும் சந்தையில் எங்கே பார்த்தாலும் பல்லைக் காட்டிக்கொண்டுதான் இருக்கிறது. பையன் என்ன பண்ணுகிறான் என்று சொந்தக்காரர்கள் கேட்டால் கம்ப்யூட்டரில் இருக்கிறான் என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். அந்தக் காலத்தில் உன்னை ஒருநாளும் சலித்துப் பேசாதவள் அவள் ஒருத்திதான்.

பிறகு காலேஜில் வாத்தியார் வேலை வந்தது. பிழைப்புக்கு என்று போனவன், அதிலேயே உயிரை வைத்துவிட்டாய். ஒருமுறை உன் டிபன் பாக்ஸைக் கொண்டுவந்து கொடுக்க வந்தவள், கிளாஸ் வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றேன். ஒரு பெண் தன் அப்பா குடித்துவிட்டு வந்து விழுந்து கிடப்பதைப் படமாகப் போட்டு உன்னிடம் காட்டினாள். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் ஆகா என்றார்கள். நீ பார்த்தாய், நல்லா இருக்கு என்றாய், திருப்பி அவள் கையிலேயே கொடுத்துவிட்டு, "இதை எனக்கு முன்னாடி உங்க அம்மாகிட்டக் காட்டணும். இது அவங்க வீடும்தானே" என்றாய். எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத அம்மாவிடம்கூட, என் மகன் காமிக்ஸ் போடுகிறான், வாத்தியாராகவும் இருக்கிறான் என்று சொன்னேன்.

இப்போது கேட்கிறேன், ஊருக்குத்தான் உபதேசமா கண்ணு? உன் புத்தகத்தை அக்காவிடம் முதலில் காட்டினாயா?

வெளியீட்டுக்கு ஆர்.எஸ்.புரத்தில் அந்தச் சின்ன ஹாலுக்கு எங்களை ஆட்டோ வைத்துக் கூட்டிப்போனாய். அக்கா வரவில்லையா என்றதற்கு, கொப்பரை சீசன், வர முடியாதாம் என்றாய். உன் காலேஜ் பிள்ளைகள் தரையிலும் படியிலுமாக உட்கார்ந்திருந்தார்கள். நீ திரையில் ஒவ்வொரு பக்கமாகப் போட்டுப் பேசிக்கொண்டே வந்தாய். மதுரையில் ஒரு பஞ்சு வியாபாரி வீடு, அங்கே வாழப்போன ஒரு பெண் என்று கதை போய்க்கொண்டிருந்தது. முகமும் வேறு, ஊரும் வேறு, பெயரும் வேறு. ஆனால் முதல் பக்கத்திலிருந்தே எனக்கு என்னவோ நெருடியது. ஒரு பக்கம் வந்தபோதுதான் புரிந்தது. பக்கம் முழுக்கக் கறுப்பு. கட்டம் கட்டமாகக் கறுப்பு, ஆள் இல்லை, சுவர் இல்லை, பேச்சு மட்டும் இருந்தது. "கதவத் தொறங்க. இனிமே எதுத்துப் பேச மாட்டனுங்க." அது என் மகளின் கையெழுத்து. பெற்றவளுக்கு அதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. சின்ன வயதில் அவள் எழுதித் தந்த பக்கங்களிலிருந்து ஒவ்வொரு எழுத்தாக எடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருக்கிறாய், நீ எதைத் தட்டினாலும் அவள் கையால் எழுதினது போலவே விழும் என்பதெல்லாம் நீ பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த நிமிஷம், அவளே இருட்டுக்குள் உட்கார்ந்து எனக்கு எழுதினது போல இருந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். அப்பாவும் தட்டினார்.

மறுநாள் உன் அறைக்கு வந்து கேட்டபோது, மறைக்காமல் சொன்னாய். நம் மாப்பிள்ளை, உன் மச்சான், விருந்தாளிகள் முன்னால் சொன்ன ஒரு பொய்யை அவள் பொய் என்று சொல்லிவிட்டாள். அதற்காகக் கொப்பரைக் குடோனில் வைத்துப் பூட்டினார்கள். அது ஒரு தடவையோடு நிற்கவில்லை. மத்தியானத்தில் அந்த வீடு தூங்கும்போது உன்னைப் போனில் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்வாளாம். நீ வரைந்துகொண்டே கேட்பாயாம். என் மகளின் வாழ்க்கையை நான் மகனின் புத்தகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று உன்னிடம் கத்தினேன். உன்னிடம் கத்தி என்ன ஆகப்போகிறது. கல்யாணமான புதிதில் ஒரு தடவை அவள் பையோடு வந்து நின்றபோது, நானும் அப்பாவும் ஆப்பிளும் மல்லிகைப்பூவும் வாங்கிக்கொண்டு அவளைத் திரும்பக் கொண்டுபோய் விட்டுவிட்டு, சம்பந்தி வீட்டில் விருந்தும் சாப்பிட்டு வந்தோம். அதற்குப் பிறகு என்னிடம் சொல்ல அவளுக்கு என்ன இருக்கிறது. உன்னிடம் சொன்னாள். நீ கேட்டாய். நீயாவது கேட்டாயே என்று சில நேரம் நினைப்பேன். கேட்டுவிட்டுப் படம் போட உட்கார்ந்தாயே என்று சில நேரம் பொருமுவேன்.

மாப்பிள்ளையின் சித்தப்பா மகள் ஒருத்தி உன் காலேஜில் படிக்கிறாள். அவள் வாங்கிய புத்தகம் அந்த வீட்டுக்குப் போயிருக்கிறது. கதை யாருக்கும் உறைக்கவில்லை. பஞ்சு வியாபாரியைப் பார்த்துக் கொப்பரை வியாபாரிக்கு ஏன் உறைக்கப் போகிறது. சம்பந்தியம்மாவுக்கு உறைத்தது எழுத்து. அந்த வீட்டு ஊறுகாய் ஜாடி, மிளகாய்ப்பொடி டப்பா எல்லாவற்றிலும் உன் அக்கா சீட்டு எழுதி ஒட்டி வைப்பாள். அந்த அம்மா புத்தகத்தையும் ஜாடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு எனக்குப் போன் பண்ணினாள். "ஏனுங்க சம்பந்தி, இது எங்கூட்டு ஊறுகா ஜாடி எழுத்தாச்சுங்களே" என்றாள். ஒரு ங்க குறையவில்லை. நம் ஊரில் கழுத்தை அறுத்தாலும் மரியாதையோடுதான் அறுப்பார்கள். வரைந்தது தம்பி, எழுதினது இவள், வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு வீட்டு மானத்தை எழுதி விற்றாள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். இது கம்ப்யூட்டர் எழுத்து என்று நீ மச்சானிடம் சொல்லிப் பார்த்தாய். அவர் நம்பவில்லை. அவள் அப்புறம் போனில் கிடைக்கவே இல்லை.

ஆசையில்தான் அந்த எழுத்தைப் போட்டாய், எனக்குத் தெரியும். உன் எந்தப் புத்தகம் வந்தாலும் அதில் அக்காவின் கை இருக்க வேண்டும் என்று நினைத்திருப்பாய். ஆசையாகச் செய்ததுதான் அவளைக் காட்டிக்கொடுத்தது. அதற்காக உன்னை நான் திட்டப்போவதில்லை. நீயே உன்னைத் திட்டிக்கொண்டுதான் இருப்பாய், கண்ணுக்கடியில் கறுத்துக் கிடக்கிறது. நான் கெஞ்சுவதெல்லாம், ஒரு தப்பை மூட அதைவிடப் பெரிய தப்பைச் செய்யாதே என்றுதான். அப்பாவுக்குச் சொல்லாமல் ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்தேன். "பொண்ணு வாரேன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதுங்கம்மா, யாரும் தடுக்க முடியாதுங்க" என்றார். நீ எழுதிக் கொடுக்கப்போவதைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நாளைக்கு அவள் ஸ்டேஷனிலோ கோர்ட்டிலோ போய் நின்று, என்னைப் பூட்டி வைத்தார்கள் என்றால், உன் கையெழுத்துப் போட்ட தாள்தான் முதலில் எதிரில் வந்து நிற்குமாம். கூடப் பிறந்தவனே பொய் என்கிறானே என்பார்கள். நீ எழுதப்போகிற ரெண்டு வரி அதற்குத்தான் ஆகும். அவள் இணைச்சீருக்கு வருவாள், பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போட்டோவுக்குச் சிரிப்பாள், திரும்பப் போய்விடுவாள். அதற்கப்புறம் அவள் என்ன சொன்னாலும் ஒருத்தரும் நம்பமாட்டார்கள்.

புத்தகத்தைக் கொளுத்து என்றோ, படம் போடுவதை விட்டுவிடு என்றோ நான் சொல்லவில்லை. நீ போட்டது அத்தனையும் உண்மை; அதனால்தான் அவர்களுக்கு எரிகிறது. வாத்தியார் வேலையையும் விடாதே, அந்தப் பிள்ளைகளுக்கு நீ வேண்டும். ஆனால் இனிமேல் ஒருத்தர் தன் வலியை உன்னிடம் சொன்னால், பென்சிலைக் கொஞ்சம் தள்ளி வை. முதலில் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு அவர்களிடம் போ. வரைவதற்குப் பின்னால் எவ்வளவோ நாள் கிடக்கிறது. நாளைக்கு உன் வீட்டுக்கு வரப்போகிற பெண்ணிடமும் இப்படித்தான் இரு. அவளிடம் நானே போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. கல்யாணத்துக்கு முன்னால் இப்படி ஒரு கலகம் என்றால் அவர்கள் வீட்டில் என்ன சொல்வார்களோ என்று பயந்துகொண்டுதான் போனேன். அந்தப் பிள்ளை கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "கல்யாணத்தைத் தள்ளிப்போட்டாலும் எனக்கு ஒண்ணுமில்லீங்க அத்தை. முதல்ல அண்ணியைக் கூட்டிட்டு வாங்க" என்றாள். உன்னைவிட அவள் தைரியசாலி. சொல்கிறேன் என்று வருத்தப்படாதே.

போன வாரம் நான் மட்டும் பொள்ளாச்சிக்குப் போய் வந்தேன். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்ததாகச் சொன்னதால் உள்ளே விட்டார்கள். சம்பந்தியம்மா காபி போடச் சொல்லி நல்லபடியாகவே பேசினாள். சமையல்கட்டில் ஜாடிகளில் ஒரு சீட்டுகூட இல்லை, எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டார்கள். அந்த வீட்டில் இப்போது அவள் கைக்கு எட்டுகிற இடத்தில் ஒரு பேனா கிடையாதாம். அவள் இளைத்துப்போய், நெஞ்செலும்பு தெரிய நின்றாள். சம்பந்தியம்மா போன் வந்து வெளியே போன நேரத்தில், என்னோடு இப்போதே வந்துவிடு சாமி, பஸ்ஸுக்குப் போய்விடலாம் என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டாள். அதற்கு நான் அவளைக் குறை சொல்ல முடியாது. அன்றைக்குப் பழம் வாங்கிக்கொண்டு அவளைக் கொண்டுபோய் விட்ட கை என் கை.

அப்புறம் அவளாகவே உன் புத்தகத்தைப் பற்றிப் பேசினாள். மாப்பிள்ளை எதிரில் உட்காரவைத்து ஒவ்வொரு பக்கமாகப் படிக்கச் சொன்னாராம். படித்துக் கோபம் வந்ததா என்று கேட்டேன். கோபமில்லை என்று தலையாட்டினாள். அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நல்லாத்தானுங்கம்மா வரஞ்சிருக்கறான். நீங்க இருக்கறீங்க, அப்பா இருக்கறாரு, இந்தூட்டு நாயிகூட இருக்குது. கடைசிப் பக்கத்துல அந்தப் பொண்ணு ஒத்தையாக் கதவத் தொறந்துட்டுப் போறா. பாவம், அவளுக்குக் கூடப் பொறந்தவன் யாருமே இல்லீங்களாம்மா?"

வீட்டுக்கு வந்து நானும் தேடிப் பார்த்தேன். அட்டையிலிருந்து அட்டை வரைக்கும் தேடினேன். நீ எங்கேயும் இல்லை கண்ணு. போனில் கேட்டுக்கொண்டிருந்தவன் இல்லை, பேச்சு வட்டங்களைக் காலியாக விட்டவன் இல்லை, அவளுக்கு ஒரு தம்பி இருந்ததற்கு அடையாளமே அந்தப் புத்தகத்தில் இல்லை. வேண்டுமென்று விட்டாயா, மறந்துபோய் விட்டாயா என்று கேட்க எனக்குப் பயமாக இருக்கிறது. கேட்கவும் மாட்டேன்.

புதன்கிழமை மாப்பிள்ளையும் அவர் அப்பாவும் வீட்டில் இருப்பார்களாம். ஒளிந்து மறைந்து போக எனக்கு இஷ்டமில்லை, அதனால் அன்றைக்கே போகலாம். அந்த வக்கீலிடம் வேலை பார்க்கிற அம்மா ஒருத்தர் கூட வருகிறேன் என்றிருக்கிறார். காலையில் உக்கடத்தில், பொள்ளாச்சி பஸ் நிற்கிற இடத்தில் இருப்பேன். நீ வராவிட்டாலும் நான் போவேன். போய் வாசலில் நின்று கூப்பிடுவேன், தொண்டை கிழியக் கூப்பிடுவேன். உனக்கு ஒரு தம்பி இருக்கிறான் சாமி என்றும் சொல்லிப் பார்ப்பேன். நான் சொன்னால் அவள் நம்பமாட்டாள்.